திருகோணமலைத் துறைமுகமும் அயலவர் ஆராய்ச்சியும்

திருகோணமலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கோணேசர் கோயிலைப் பற்றி எழுதுவர். அன்றேல் துறைமுகத்தைக் கைப்பற்றுவதற்கு ஐரோப்பியர் நிகழ்த்திய போர்களைப் பற்றி எழுதுவர். போத்துக்கேயர் கோயிலை இடித்துக் கோட்டை எழுப்பியதும், 1639இல் ஒல்லாந்தர் அக்கோட்டையைப் பிடித்ததும், 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே அது ஆங்கிலேயர் கைக்கும் பின்னர்ப் பிரான்சியர் கைக்கும் மாறியதும், 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் வந்து நிலைகொண்டதும், 1957இல் அவர்தம் கடற்படை இத்துறையை விட்டு நீங்கியதும் பாடசாலை மாணவரும் அறிந்த செய்திகள். பீரங்கி ஏற்றி வந்த கப்பல்களிலேயே வெப்பமானியும், மதுசாரம் நிரப்பிய கண்ணாடிக் குப்பியும், குறிப்பேடும் வந்தன என்பதை மட்டும் நாம் அத்துணை நினைப்பதில்லை. இத்துறை வழியாக ஈழத்தினுட் புகுந்து, உயிர்நூலுக்கும் மருத்துவத்துக்கும், வாணிகம் பற்றிய அறிவுக்கும் பொருள் தேடித் தந்த அயலவர் சிலரைப் பற்றி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவர்களுட் சிலர் பல்லாண்டு தங்கினர். சிலர் சில நாளே தங்கினர். எவர் எவ்வளவு காலம் தங்கினர், எவ்வாறு வயிறு வளர்த்தனர் என்பதற்கும் அவர் கண்டறிந்தவற்றின் ஆழத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. கருவியின் நுட்பத்தினும் இத்தொடர்பே பெரிது என்பது எம் கருத்து.

முதலில் வைத்து எண்ணத்தக்கவர் றொபேட் நொக்ஸ் என்பவர். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கொம்பனியின் பணியில் இருந்த 'ஆன்' என்னும் கப்பல், 1659ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மசூலிப்பட்டினத்துக்கு அணித்தே புயலிற் சிக்கிப் பாய்மரத்தை இழந்தது. மரம் வெட்டிப் பழுது நீக்கவும், இயலுமாயின் வாணிகம் செய்யவும் அது கொட்டியாரக் குடாவை அடைந்தது. திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, மூதூர்க் கரையைத் தழுவிக் கிடக்கும் குடா அது. அக்காலத்தில் அக்கரை கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆணைக்கு உட்பட்டிருந்தது. 1660இல் அரசனின் அதிகாரிகள் கப்பற்றலைவரையும் அவருடன் கரையேறியோரையும் சிறைப்படுத்தினர். கப்பற்றலைவரின் பெயரும் றொபேட் நொக்ஸ் என்பதே. பத்தொன்பது வயதினரான மகனைக் கப்பலுக்கு அனுப்பி, அதனைக் கரைக்குக் கொணருமாறு பணித்தனர். மாலுமிகள் அதற்கு இசையவில்லை. மகன் கப்பலிலேயே தங்கித் தப்பியிருக்கலாம்; ஆயினும் தந்தைக்குக் கொடுத்த வாக்கை எண்ணி மீண்டு வந்து சிறைப்பட்டார். மூதூரில் ஒரு புளியமரம் 'வெள்ளைக்காரன் மரம்' என வழங்கி வந்தது. தந்தை அம்மரத்தடியிற் பிடிபட்டார் எனக் கூறும் கல்லொன்று 1893ஆம் ஆண்டில் அங்கு நாட்டப்பட்டது.

சிறைப்பட்டோர் மலைநாட்டு ஊர்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தந்தையும் மகனும் குளிர்காய்ச்சலால் வருந்தினர். 1661ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே தந்தை இறந்தார். துணையற்ற அவ்விளைஞரைச் சங்கிலியிட்டு வைத்தார் என்று நினைத்தல் வேண்டா. ஊர்களிற் பகிர்ந்து இருத்தப்பட்ட அக்கைதிகள் எல்லை கடவாதவரை தம் விருப்பப்படி உழைக்கலாம். ஊரார் அளித்த உணவோடு பிற தேவைகளை அவர்களே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. நொக்ஸின் கல்வி இங்கேதான் தொடங்குகின்றது.

அவரும் தோழரும் நூற்றொப்பி பின்னி விற்றனர். ஒரு தொப்பிக்கு வேண்டிய நூல் ஆங்கில நாணய மதிப்பில் ஏறக்குறைய 3 பென்சு. விலை 9 பென்சு. ஒன்றுக்கு இரண்டாக ஊதியம் கிடைத்தமையின் எல்லாரும் அத்தொழிலிற் புகுந்தனர். சில காலத்துள் தொப்பி மலிந்தது, வாங்குவார் குறைந்தனர், விலை வீழ்ந்தது, பலர் வறுமையுற்றனர். பொருளியற் பாடநூல்கள் பல பக்கங்களில் விளக்கும் ஓர் உண்மையை நொக்ஸ் பசித்த வயிற்றோடு கற்றுக்கொண்டார். பின்னர் அவர் நெல்லைக் கடனாகக் கொடுத்து வாங்கும் தொழிலில் இறங்கினார். விதைப்புக் காலத்திற் கொடுத்த நெல்லுக்கு அறுவடையில் நூற்றுக்கு ஐம்பது வட்டி என்பது அந்நாட்டு வழக்கம். கைதியாக வந்தவர் கடன் கொடுப்பவராகவும் ஆயினார் என்பது விந்தையே. அதனாலேயே உழவரின் வரவு செலவு, அறுவடைக்கு முந்திய மாதங்களின் தட்டுப்பாடு, கொடுத்த கடனைத் திரும்பப் பெறுவதிலுள்ள தொல்லை ஆகிய யாவும் அவருக்குத் தெளிவாயின. அரண்மனை விருந்தினராக வந்து சென்ற தூதர் எவருக்கும் இவை தெரிந்திருக்க வழியில்லை.

நெல்லைப் பற்றி அவர் கூறுவது இன்னும் வியக்கத்தக்கது. ஏழு மாதத்தில் விளைவது, ஆறு மாதத்தில் விளைவது, ஐந்து, நான்கு, மூன்று மாதங்களில் விளைவன என நெல்லினங்களைப் பிரித்துப் பெயரோடு குறிக்கின்றார். வயலுக்கு எத்தனை மாதம் நீர் கிடைக்கும் என்பதை அளந்தே உழவன் விதையைத் தெரிவு செய்கின்றான் என்கின்றார். பயிரின் வயதையும் குளத்தின் நீரையும் ஒருங்கு வைத்துப் பார்க்கும் இக்கணக்கு ஈழத்து உழவனுடையது. நொக்ஸ் அதனைக் கண்டுபிடித்தவரல்லர்; எழுதி வைத்தவர்.

மருத்துவத்துக்கு அவர் வழியாகச் சென்ற செய்தியும் ஒன்றுண்டு. தப்பியோடும் வழியை அறிதற்பொருட்டு நொக்ஸும் ஸ்ரீபன் றட்லண்ட் என்னும் தோழரும் சில்லறை வாணிகராக வடதிசை ஊர்களில் ஆண்டுதோறும் திரிந்தனர். புகையிலை, மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புப் பொருள்கள் என்பன அவர்தம் சரக்கு. வறண்ட காலத்தில் அங்கே குட்டைகளில் தேங்கிக் கலங்கிய நீரே குடிநீர். அதனைக் குடித்துப் பலகால் காய்ச்சலுற்ற பின்னர், மாற்று மருந்தொன்றை அறிந்துகொண்டனர். உலர்ந்த கஞ்சா இலையைப் பொடித்து வெல்லத்தோடு பிசைந்து காலையும் மாலையும் வெறுவயிற்றில் உண்பதே அது. அம்மருந்தைக் கற்பித்தவர் பெயர் நூலில் இல்லை.

1679இல் இருவரும் அநுராதபுரத்துக் காடுகளினூடே அருவியாற்றின் கரை பற்றி நடந்து, அக்டோபர் 18ஆம் நாள் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தனர். மறு ஆண்டு நொக்ஸ் இலண்டன் சேர்ந்தார். கப்பற் பயணத்தின்போது தாம் எழுதி வைத்த குறிப்புகளை றொபேட் ஹூக்கிடம் காட்டினார். நுணுக்குக்காட்டியால் உயிரணுவைக் கண்டு அதற்குப் பெயரிட்டவரும், றோயல் சங்கத்தின் பரிசோதனைப் பொறுப்பாளருமான அதே ஹூக்தான். அவர் குறிப்புகளை ஒழுங்குபடுத்த உதவி முன்னுரையும் வரைந்தார். சங்கத்தின் தலைவர் கிறிஸ்தோபர் றென் நற்சான்று அளித்தார். 1681இல் நூல் வெளிவந்தது. சில ஆண்டுகளிலேயே செருமன், ஒல்லாந்த, பிரெஞ்சு மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. நாவலாசிரியர் டேனியல் டீபோ தாம் 1720இல் வெளியிட்ட கதையொன்றில் நொக்ஸின் வரலாற்றைச் சுருக்கிச் சேர்த்துக்கொண்டார்.

1689ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் ஹூக் றோயல் சங்கத்தின் முன்னிலையிற் கஞ்சாவைப் பற்றி உரையாற்றினார். அதனை உண்டவன் தான் பேசுவது இன்னதென்று அறியாது சிரித்தும் பாடியும் இருந்து, பின் உறங்கி எழுந்து பெரும்பசி கொள்வான் என்று விளக்கினார். சித்தம் கலங்கியோர்க்கு அது மருந்தாகக்கூடும் என்றும் கருதினார். அச்செய்தியைத் தந்த நண்பர் நொக்ஸ் என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. தமிழ் மருத்துவ நூல்கள் தம் மூலிகை வரிசையிற் சேர்த்திருந்த ஓர் இலை, கலங்கல் நீர் குடித்த இரு கைதிகளின் வழியே இலண்டன் அறிஞர் அவைக்குச் சென்றது. அவைக்குறிப்பிலே ஹூக்கின் பெயர் உண்டு. நொக்ஸ் 'நண்பர்' ஆயினார். அவருக்கும் முன்னே நின்ற நாட்டார் எவ்வகைப் பெயருமின்றி மறைந்தனர். அறிவு கைமாறுந்தோறும் பெயர்கள் உதிர்ந்துவிடும் இவ்வியல்பைப் பின்னும் காண்போம்.

நூற்றைம்பது ஆண்டுக்குச் சற்றே முற்பட்ட இடைவெளி கழித்து வந்தவர் யோன் டேவி. மின்னாற்றலாற் புதிய தனிமங்களைப் பிரித்துக் காட்டிப் புகழ் பெற்ற ஹம்பிரி டேவியின் தம்பி இவர். படை மருத்துவராக 1816இல் ஈழம் வந்து 1820வரை இருந்தார். 1821இல் இந்நாட்டின் உட்பகுதியைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். திருகோணமலைக்கு வடமேற்கே ஏறக்குறைய ஐந்து மைல் தொலைவிலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளை அவர் ஆராய்ந்தார்.

கன்னியாவை நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. இராவணன் தன் தாயின் ஈமக்கடன் ஆற்றுதற்கு நீர் வேண்டி நிலத்தை ஏழிடத்திற் குத்தினான் என்பதும், ஏழு கிணறுகளும் அவ்வாறு தோன்றின என்பதும் வழிவழிக் கதை. அந்தியேட்டிக் கிரியைக்கு இன்றும் அந்நீரை நாடுவோர் உளர். அடுத்தடுத்திருப்பினும் ஒவ்வொரு கிணற்றின் வெம்மையும் வேறாதலை நீராடியோர் யாவரும் அறிவர். டேவி அந்நீரில் வெப்பமானியை இட்டு அளந்தார். நீரையும், அதிலிருந்து குமிழியிட்டெழும் வாயுவையும் இரசாயன முறையாற் சோதித்தார். ஐரோப்பாவின் பெயர் பெற்ற வெந்நீர் ஊற்றுகள் கந்தகமும் உப்பும் கலந்தவை; அவற்றின் மருத்துவச் சிறப்பும் அக்கலப்பினாலேயே என்பது அக்காலத்துக் கொள்கை. கன்னியா நீரிலோ வெம்மையன்றி வேறு சிறப்பொன்றும் அவருக்குப் புலப்படவில்லை. ஏறத்தாழத் தூய நீரே என்று கண்டார். பிற்கால நிலநூலாரின் விளக்கமும் இதனோடு பொருந்துகின்றது. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே மிக ஆழத்துக்கு இறங்கி, நிலத்தின் உள்வெம்மையாற் சூடேறி, மீண்டும் பிளவு வழியே மேலெழுகின்றது. எரிமலை எதுவும் அதற்கு வேண்டியதில்லை.

வெப்பமானி டேவியின் கையை விட்டு நீங்கியதேயில்லை போலும். வெப்ப நாட்டிற் புகுந்த மனிதரின் உடல் வெம்மை சிறிது கூடுகின்றதா என்பதை அளந்தார்; விலங்கு, பறவை, ஊர்வன ஆகியவற்றின் வெம்மையையும் அளந்தார். இவற்றினும் பெரிய செய்தி, ஈழத்துக்கு வரும் வழியிற் கப்பலிலேயே அவருக்குக் கிடைத்தது. மீன்கள் யாவும் தாம் வாழும் நீரின் வெம்மையையே கொண்டிருக்கும் என்பது அந்நாள் கொள்கை. பிடிபட்ட சூரையினத்து மீன் ஒன்றின் உடலில் வெப்பமானியைச் செலுத்தியபோது 90 பாகை பரன்ஹைற் காட்டிற்று. கடல் நீரோ 80.5 பாகைதான். இதனை அவர் 1835இல் வேறு சான்றுகளோடு வெளியிட்டார். இடைவிடாது விரைந்து நீந்தும் சூரை, தசைகளிற் பிறக்கும் வெம்மையைக் குருதிக் குழாய்களின் ஒருவகைப் பின்னலாற் காத்துக்கொள்கின்றது என்பது இருபதாம் நூற்றாண்டில் விளங்கிற்று. திருகோணமலைக் கரையிற் சூரையைக் கீறும் மீனவன், அதன் இறைச்சி ஏனைய மீன்களினும் சிவந்திருத்தலை நாள்தோறும் காண்பவன். வெம்மைக்கும் அச்சிவப்புக்கும் தொடர்பு உண்டு.

டேவி அளவு முறையில் நொக்ஸைக் காட்டிலும் பன்மடங்கு உயர்ந்தவர். ஆயினும் கன்னியாவைப் பொறுத்தவரை அவர் ஒரு வழிப்போக்கரே. மாரியிலும் கோடையிலும் கிணறுகளின் வெம்மை வேறுபடுமா என்று அறியப் பருவந்தோறும் அங்கிருந்து அளத்தல் வேண்டும். படை மருத்துவருக்கு அவ்வளவு ஓய்வு ஏது?

அடுத்து வந்தவர் இன்னும் விரைந்து சென்றார். பிரான்சியக் கடற்படையின் 'செவ்ரெத்' என்னும் கப்பல் 1827, 1828ஆம் ஆண்டுகளில் இந்துமாக்கடலில் உலாவியது. அதன் மருத்துவர் றேனோ என்பவர் உயிர்ப்பொருள்களைத் திரட்டுவதிலும் ஈடுபட்டவர். கன்னியா ஊற்றுகளிலிருந்து பிடிக்கப்பட்ட சிறு மீன்களை அவர் மதுசாரத்தில் இட்டுப் பாரிசுக்குக் கொண்டு சென்றார். அந்நகரின் இயற்கைப்பொருட் காட்சிச்சாலையிலே குவியே, வலென்சியேன் ஆகிய இருவரும் உலகத்து மீன்கள் அனைத்தையும் விவரிக்கும் பெருநூலை அப்போது எழுதி வந்தனர். 1828இல் வெளிவரத் தொடங்கிய அது 22 தொகுதிகளாக விரிந்தது. 1832இற் குவியே இறந்த பின்னர் வலென்சியேன் தனித்து எழுதினார். 1844இல் வெளிவந்த தொகுதியிற் கன்னியாவின் கெண்டையினத்து மீன் ஒன்றுக்கு 'லியூசிஸ்கஸ் தெர்மாலிஸ்' என்றும், 1846இல் வெளிவந்த தொகுதியில் மற்றொரு சிறு மீனுக்குக் 'கோபிற்றிஸ் தெர்மாலிஸ்' என்றும் அவர் பெயரிட்டார். தெர்மாலிஸ் என்பதற்கு வெந்நீர்க்குரியது என்பது பொருள். பேரினப் பெயர்கள் பிற்காலத்தில் மாறின. முன்னது புண்டியஸ் தெர்மாலிஸ், பின்னது லெபிடோசெபலிக்திஸ் தெர்மாலிஸ் என்று இன்று வழங்கும். தெர்மாலிஸ் என்னும் சொல் மட்டும் மாறவில்லை. பெயரிடு முறையின் விதிப்படி அதனை எளிதில் மாற்றவும் இயலாது.

இவற்றுள் இரண்டாவது மீன் யாது என அறியின் வாசகர் நகைப்பர். அது நம் அயிரையே! சங்கப் புலவர் வயலிலும் பொய்கையிலும் கண்டு பாடிய அயிரை. நாரைக்கும் கொக்குக்கும் இரையாகும் அயிரை. மதுரையிலே உயிரோடு விற்கப்பட்டு, உயிரோடிருந்தால் மட்டுமே வாங்குவார் நல்ல விலை கொடுக்கும் அயிரை. தென்னிந்தியாவிலும் ஈழத்திலும் மணற்பாங்கான ஓடைகளிலும் குளங்களிலும் வாழ்வது அதன் இயல்பு. ஊற்றுநீர் வழிந்தோடும் வாய்க்காலில் அது வெம்மையைப் பொறுத்துக்கொள்கின்றதேயன்றி, வெந்நீரே அதன் இல்லம் அன்று. றேனோ இங்கு ஒரு மழைக்காலம் தங்கியிருந்தால், அண்டை வயல்களெங்கும் அதனைக் கண்டிருப்பார். வலென்சியேனோ ஈழத்தைக் கண்டதேயில்லை. குப்பியின் மேல் ஒட்டிய சீட்டே அவருக்குச் சான்று. ஆதலின், மதுரைக் குழம்பிற் கொதிக்கும் மீனுக்குத் திருகோணமலை வெந்நீரின் பெயர் நிலைத்தது. ஈராயிரம் ஆண்டுகளாகத் தமிழிலே பெயர் பெற்றிருந்த மீன் அது என்பதைக் கன்னியாவில் அதனைப் பிடித்துக் கொடுத்த சிறுவனோ மீனவனோ சொல்லியிருக்கக்கூடும். சொல்லியிருப்பினும் அச்சீட்டில் அதற்கு இடமில்லை.

திருகோணமலையின் பெயரையே தாங்கிச் சென்ற பொருளும் ஒன்றுண்டு. நம் காடுகளில் வளரும் சாவண்டலை மரம் ஆங்கிலேயரிடத்துத் 'திருகோணமலை மரம்' என்றே வழங்கிற்று. நேராக வளர்ந்து, எளிதில் முறியாது வளையும் இயல்பினது அது. செயற்கைத் துறைமுகம் அமையாத அந்நாளைய சென்னையில், அலை கடந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்த மசூலாத் தோணிகளுக்கு இம்மரம் உகந்ததாயிற்று; சாராயப் பீப்பாய்களும் இதனாற் செய்யப்பட்டன. தாவரநூலறிஞர் றொக்ஸ்பேர்க் இதன் இனத்துக்குச் சென்னை மருத்துவர் அந்திரூ பெரியின் பெயரால் 'பெரியா' எனப் பெயரிட்டார். தமிழர்க்கு அச்சொல் வேறு பொருள் தருவது தற்செயலே.

துறைமுகத்தை ஆங்கிலக் கடற்படை நீங்கிய பின்னர், ஆராய்ச்சிக் கப்பலொன்று நெடுநாள் இங்கு தங்கியது. இந்துமாக்கடல் முழுவதையும் திமிங்கிலங்களின் காப்பிடமாக அனைத்துலகத் திமிங்கிலவேட்டை ஆணையம் 1979இல் அறிவித்தது. கொல்லாமலே திமிங்கிலத்தை ஆராயலாம் என்பதைக் காட்டுதற்காக உலக வனவுயிர் நிதியத்தின் ஆதரவில் 'ரியூலிப்' என்னும் பாய்மரப் படகு அனுப்பப்பட்டது. நீளம் பத்து மீற்றரளவே கொண்ட அப்படகின் ஆராய்ச்சித் தலைவர் ஹல் வைற்ஹெட். 1980களின் முற்பகுதியில் அக்குழுவினர் திருகோணமலைக்கு வெளியே அம்பர் தரும் திமிங்கிலங்களையும் நீலத் திமிங்கிலங்களையும் பருவந்தோறும் பின்தொடர்ந்தனர். நீருள் ஒலிவாங்கியை இறக்கி அவற்றின் ஒலிகளைப் பதிவு செய்தனர். வாலின் வடுக்களைப் படமெடுத்து ஒவ்வொன்றையும் தனித்தனி அடையாளங் கண்டனர். ஆழ்கடலுக்குரிய அவ்வுயிர்கள் கரைக்கு இவ்வளவு அணித்தே வருவதற்குக் காரணம் துறைமுகத்தின் அடிநிலமேயாகும். மகாவலி கடலோடு கலக்கும் கொட்டியாரக் குடாவிலிருந்து கடலடிப் பள்ளத்தாக்கொன்று செங்குத்தாக இறங்கிச் செல்கின்றது. பெருங்கப்பல்கள் தட்டாமல் நுழைவதற்கும் திமிங்கிலங்கள் அண்மையில் உலாவுதற்கும் அவ்வாழமே துணை.

நொக்ஸுக்குப் பின் ஒரே கூட்டத்து உயிர்களைப் பல பருவம் பார்த்திருந்தவர் என இவர்களையே சொல்லலாம். பயனும் அதற்கேற்பக் கிடைத்தது. நீலத் திமிங்கிலம் வடகீழ்க் கரையில் ஆண்டுதோறும் கூடுகின்றது என்னும் செய்தி உலகுக்குத் தெரிந்தது அப்போதுதான். 1983 யூலைக் கலவரங்களும் அவற்றைத் தொடர்ந்த போரும் அம்முயற்சியை வளரவிடவில்லை. கடற்பயணம் தடைப்பட்டது, மீனவரே கடலுக்குச் செல்ல அஞ்சிய ஆண்டுகள் பல. பின்னர்த் திமிங்கில ஆராய்ச்சி தென்கரையில் மிரிசைப் பக்கம் தழைத்தது. போர் முடிந்த 2009இன் பின்னர்த் திருகோணமலையிலிருந்தும் திமிங்கிலம் காணப் படகுகள் செல்கின்றன. அப்படகுகளைச் செலுத்தும் மீனவர், நீர்த்தாரை எழும் திசையைக் கண்ணாற் பார்த்தே இன்ன திமிங்கிலம் என்று கூறவல்லவர்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் 2001இல் நிறுவப்பட்டது. நிலாவெளி வீதியில் அமைந்த அவ்வளாகத்திற் சித்த மருத்துவமும் ஒரு பாடமாகப் பயிற்றப்படுகின்றது. நொக்ஸ் பெயர் அறியாத ஒருவரிடம் கற்ற மூலிகை வழக்கை அங்குள்ள மாணவர் நூலிலும் ஆசிரியரிடத்தும் முறையாகக் கற்கின்றனர். டேவி வெப்பமானி இட்ட கிணறுகளும், றேனோவின் அயிரை துள்ளிய வாய்க்காலும் அவ்விடத்துக்குத் தொலைவில் இல்லை. பன்னிரண்டு மாதமும் ஏழு கிணறுகளையும் நாள் தவறாது அளந்து, அவ்வாய்க்காலில் அயிரை எவ்வெம்மை வரை தாங்கி நிற்கின்றது என்பதையும் உடன் குறித்துவர, ஒரு வெப்பமானியும் ஒரு குறிப்பேடும் போதும், கப்பல் வேண்டுவதில்லை.